கொல்கத்தா, இரண்டாம் தடவை: மார்கழிக் கடைசியில் ஆறு நாள்

ஜனவரி 9, 2025, வியாழன். ஹவுரா, லேக் மார்க்கெட்

கொல்கத்தாவைப் பிடிக்காமல் போக வேண்டுமானால் மே மாதத்தில் போக வேண்டும். காலை பத்து மணிக்கு வாடகைக் காரில் ஏறி, பட்டியலில் இருக்கும் இடங்களை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். 2017இல் முதல் பயணம் அப்படித்தான் போனது. புழுக்கத்தில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. திங்கட்கிழமை போய் நின்றதால் இந்தியன் மியூசியமும் விக்டோரியா மெமோரியல் கட்டடமும் பூட்டிக் கிடந்தன. மூன்று நாளும் கண்ணில் நின்றது நெரிசல் மட்டும்தான்.

இந்தத் தடவை கூட வந்த நண்பர் பதினோரு வருஷம் லேக் மார்க்கெட் பக்கம் குடியிருந்தவர். "அந்த ஊர்ல எங்க போறோம்ங்கறத விட எத்தனை மணிக்குப் போறோம்ங்கறதுதான் முக்கியம். கார் வேண்டாம். சில்லறை நிறைய வெச்சுக்க" என்று கிளம்பும்போதே சொல்லிவிட்டார். ஆறு நாள் திட்டமும் அந்த ஒரு பேச்சிலிருந்து வந்தது.

மூடுபனியால் ரயில் மூன்று மணி நேரம் தாமதம். ஹவுராவில் இறங்கும்போது மதியம் இரண்டு ஆகிவிட்டது. ஸ்டேஷன் வாசலில் டாக்ஸி வரிசையில் நிற்காமல் மெட்ரோவுக்குப் போவது நல்லது. ஹவுரா மெட்ரோ நிலையம் தரைக்கு 33 மீட்டர் கீழே இருக்கிறது. எஸ்கலேட்டர் மாற்றி எஸ்கலேட்டராக இறங்கி, பை சோதனையும் முடிய கால் மணி நேரம் பிடிக்கும். வண்டி கிளம்பியதும் ஹூக்ளி ஆற்றுக்கு அடியில் 520 மீட்டர். கடக்க முக்கால் நிமிஷம்தான் ஆகும். அந்தத் துண்டில் மட்டும் சுரங்கச் சுவரில் நீல விளக்கு எரிகிறது. ஏறிய கையோடு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றால்தான் பார்க்கலாம்.

எஸ்பிளனேடில் இறங்கிப் பழைய பாதைக்கு மாற வேண்டும். இந்தியாவின் முதல் மெட்ரோ 1984 அக்டோபர் 24 அன்று இதே எஸ்பிளனேடிலிருந்து பவானிப்பூர் வரை ஓடியது. அங்கிருந்து காளிகாட் நிலையம். வெளியே வந்து ராஷ்பிஹாரி அவென்யூவில் கிழக்கே கொஞ்ச தூரம் நடந்தால் லேக் மார்க்கெட். தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறையாக வாழும் பகுதி இது. முருங்கைக்காய், கறிவேப்பிலை, வாழையிலை, காப்பிப்பொடி எல்லாம் நம் ஊர்க் கடைத்தெருவில் போலவே கிடைக்கும். பூக்காரரிடம் மல்லிகையைத் தமிழிலேயே கேட்கலாம்.

மாலையில் விவேகானந்தா பார்க் பக்கம் புச்கா சாப்பிட்டோம். பானிபூரி என்று நினைத்துக்கொண்டு போகக் கூடாது. உருளைக்கிழங்கை வேகவைத்து, வெந்த கொண்டைக்கடலை, பச்சை மிளகாய், கறுப்பு உப்பு, வறுத்துப் பொடித்த சீரகமும் மிளகாயும் போட்டுக் கையாலேயே பிசைகிறார்கள். மேலே கந்தராஜ் எலுமிச்சை பிழிகிறார்கள். நாரத்தையும் எலுமிச்சையும் கலந்தது போன்ற வாசம் அந்தப் பழத்துக்கு. தண்ணீர் புளித்தண்ணீர். இனிப்பு கிடையாது.

புச்காக்காரர் ஆளுக்கொரு இலைத் தொன்னை கொடுத்து, வட்டமாக நிற்பவர்களுக்கு ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே வருவார். வைத்த உடனே வாயில் போட வேண்டும். பத்து எண்ணுவதற்குள் பூரியின் அடிப்பாகம் ஊறி உடைந்துவிடும். காரம் குறைவாக வேண்டுமென்றால் அவர் பிசையத் தொடங்குமுன் "ஜால் கம்" என்று சொல்லிவிட வேண்டும், பிசைந்த பிறகு சொல்லிப் பயனில்லை. காசு கொடுத்து முடித்ததும் கடைசியாக ஒன்று இலவசம். அதற்குப் பெயர் ஃபாவ். கேட்டு வாங்குவதில் அங்கே யாருக்கும் கூச்சமில்லை. பட்டுப்புடவை கட்டிய ஓர் அம்மா "ஃபாவ் தாவ்" என்று கையை நீட்டியது இன்னும் கண்ணில் நிற்கிறது.

ஜனவரி 10, வெள்ளி. மல்லிக் காட், குமார்துலி

காலை ஐந்தரைக்கு வெளியே வந்தபோது 13 டிகிரி. தெருவில் பாதிப் பேர் தலையில் குரங்குக் குல்லா. மஞ்சள் அம்பாசடர் டாக்ஸி அந்த நேரத்தில் சுலபமாகக் கிடைக்கும். மீட்டர் பற்றிப் பேசாமல், ஏறுமுன் தொகையை முடிவு செய்துகொள்வதுதான் இரு தரப்புக்கும் நல்லது. அம்பாசடர் தயாரிப்பு 2014இலேயே நின்றுவிட்டது. பதினைந்து வருஷம் ஓடிய வண்டிகளை வரிசையாக எடுத்துக்கொண்டிருக்கிறார்கள், அதனால் சாலையில் மஞ்சள் நிறம் குறைந்துகொண்டே வருகிறது.

ஹவுரா பாலத்தின் கொல்கத்தா பக்க முனையில், தெற்கே இறங்கும் படிகளின் கீழே மல்லிக் காட் பூச்சந்தை. ஜனவரியில் சூரியன் ஆறேகாலுக்குத்தான் வருகிறது. அதற்கு அரை மணி முன்னால் போய்விட்டால் மூட்டை இறங்குவதிலிருந்து பார்க்கலாம். எட்டு மணிக்கு மேல் போனால் வாடியதும் சகதியும்தான் மிச்சம். ஷூ வேண்டாம், பிடிப்புள்ள ரப்பர் செருப்பு போதும். தலைச்சுமைக்காரர்கள் நிற்க மாட்டார்கள், நாம்தான் சுவரோரம் ஒதுங்க வேண்டும். நடைபாதை நடுவில் கேமராவோடு நிற்பவர்களைப் பார்த்து அவர்கள் கோபப்படுவது நியாயம். தலையில் இருப்பது ஆள் எடைக்குச் சமமான பாரம்.

நம் ஊர்க்காரர்கள் நின்று பார்க்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. நாம் பூவைக் கட்டுகிறோம், அவர்கள் கோர்க்கிறார்கள். செவ்வந்தியின் காம்பை முழுக்கக் கிள்ளிவிட்டு, நீளமான ஊசியை நடுவில் குத்திச் சரம் சரமாக இறக்குகிறார்கள். முடிச்சே கிடையாது. அதனால் மாலை கயிறு போல உருண்டையாக வருகிறது. கனமும் அதிகம். விலை முழக்கணக்கில் இல்லை, குடி கணக்கு. குடி என்றால் இருபது சரம். காளிக்குச் செம்பருத்தி மொட்டுகளை 108 ஆகக் கோர்த்த மாலை ஈரத்துணிக்குள் இருக்கும். விரிந்த செம்பருத்தி உதிர்ந்துவிடும் என்பதால் மொட்டாகத்தான் விற்பார்கள். ஆறு மணிக்குக் கேட்ட விலை ஏழரைக்குப் பாதியாகிவிட்டது. பையில் போட்டு எடுத்து வர முடியாத பொருளாதலால் பேரம் பேசாமல் ஒரு மாலை மட்டும் வாங்கி, பாலத்தில் போகும்போது ஆற்றில் போட்டோம்.

பாலத்தை நடந்துதான் கடக்க வேண்டும். 1943இல் திறந்த பாலம். சுமார் 26,500 டன் இரும்பு, அதில் 23,000 டன் டாட்டா ஆலையிலிருந்து வந்தது. நட்டு போல்ட்டு இல்லாமல் முழுக்க ரிவெட் அடித்துக் கட்டியது. நடைபாதையில் மேலிருந்து இறங்கும் தொங்குதூண்களின் அடியைக் கவனித்துப் பாருங்கள். இரும்பு தெரியாமல் ஃபைபர் உறை போட்டிருப்பார்கள். வெற்றிலைப் பாக்கு எச்சில் பட்டுப் பட்டு அடிப்பகுதித் தகடு 6 மில்லிமீட்டரிலிருந்து பாதியாக அரித்துப் போனதால் வந்த ஏற்பாடு அது. காலை ஏழு மணிக்கு எதிரே வரும் கூட்டம் கடல் மாதிரி. இடது பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, நிற்காமல் நடந்தால் இடிபட மாட்டோம்.

ஹவுரா பக்கம் இறங்கி, பாக்பஜார் போகும் படகில் ஏறினோம். கட்டணம் பத்து ரூபாய்க்குள்தான். பனி விலகாத ஆற்றில் பாலம் பின்னால் மங்கிக்கொண்டே போவதைப் பார்க்க இதைவிட மலிவான வழி இல்லை. பனி அடர்த்தியாக இருக்கும் நாளில் படகை நிறுத்திவைப்பார்கள். அன்று இருபது நிமிஷம் காத்திருக்க நேர்ந்தது. மண் குவளையில் டீ பத்து ரூபாய், இரண்டு குவளை ஆனது.

கரையேறி, வட்ட ரயிலின் தண்டவாளத்தைத் தாண்டினால் சாமி சிலை செய்யும் குயவர்களின் தெருவான குமார்துலி. துர்கா பூஜை சமயத்தில்தான் எல்லாரும் போகிறார்கள். ஆனால் வேலையைப் பார்க்க ஜனவரி நல்ல மாதம். அந்த வருஷம் பிப்ரவரி முதல் வாரத்தில் சரஸ்வதி பூஜை, அதற்கான சிலைகள் ஒரே சந்தில் எல்லா நிலையிலும் வரிசையாக நிற்கும். முதலில் மூங்கில் சட்டம். அதன்மேல் வைக்கோலை வளைத்துச் சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டி உடம்பு. வைக்கோல் நிலையிலேயே இடுப்பு வளைவும் வீணை பிடிக்கும் கையின் கோணமும் முடிவாகிவிடும். பிறகு ஏற்றும் மண்ணால் கோணல் தீராது. மண் இரண்டு வகை. முதலில் பிசுபிசுப்பான ஏந்தேல் மண். வைக்கோலைக் கவ்விப் பிடிக்க இதுதான் வேண்டும், ஆனால் காயும்போது வெடிக்கும். வெடித்த இடத்தில் மெல்லிய துணிக் கீற்றைக் குழைமண்ணில் தோய்த்து ஒட்டுகிறார்கள். அதற்குமேல் மணல் கலந்த பேலே மண்ணால் வழுவழுப்பாக்குகிறார்கள். தலையும் விரல்களும் தனியாக அச்சில் எடுத்துப் பிறகு பொருத்தப்படும்.

ஒரு பட்டறையில் பெரியவர் ஒருவர் விரல் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு விரலுக்குள்ளும் மெல்லிய கம்பி. மணிக்கட்டில் குழைமண் தடவி, விரலைச் செருகி, ஈரத் தூரிகையால் இரண்டு இழுப்பு இழுத்தால் இணைப்பு மறைந்துவிடுகிறது. நான்கு விரலுக்கு மூன்று நிமிஷம்கூட ஆகவில்லை. வெயில் இல்லாத குளிர்காலத்தில் காய்வதுதான் தலைவலி. அவசர வேலைக்கு ஊதுவிளக்கை நெருக்கிப் பிடித்துக் காய வைக்கிறார்கள். அப்படிக் காய்ந்ததில் வெடிப்பு அதிகம் வரும் என்று அவரே காட்டினார். அதன்பிறகு வெள்ளைப் பூச்சு, நிறம், சணல் நாரில் தலைமுடி. கண் எழுதுவது கடைசி.

படம் எடுக்குமுன் "தாதா, சபி துல்போ?" என்று கேளுங்கள். தாதா என்றால் அண்ணன். அங்கே அந்நியரிடம் பேச்சு இதில்தான் தொடங்குகிறது. பெண்களை திதி, வயதானவர்களை காக்கு, மாஷிமா. இந்த நாலு உறவுமுறை தெரிந்தால் பாதி வங்காளி தெரிந்த மாதிரி.

ஜனவரி 11, சனி. டிராம், காலேஜ் ஸ்ட்ரீட்

டிராமை இப்போதே பார்த்துவிட வேண்டும். 1873இல் குதிரை இழுத்துத் தொடங்கி, 1902இல் மின்சாரத்துக்கு மாறிய வண்டி. எஸ்பிளனேடு - மைதான் துண்டைத் தவிர மற்றதை நிறுத்தப்போவதாக மாநில அரசு 2024 செப்டம்பரில் அறிவித்துவிட்டது. ஷியாம்பஜாரிலிருந்து எஸ்பிளனேடு போகும் 5ஆம் எண் வண்டியில் ஏறினோம். கால அட்டவணையை நம்பிப் போகக் கூடாது. நாங்கள் நின்றது நாற்பது நிமிஷம். ஷியாம்பஜார் டெப்போவிலேயே ஏறினால் ஜன்னலோர மர இருக்கை கிடைக்கும். தண்டவாளம் சாலையின் நடுவில். இறங்கும்போது இடது பக்கம் வரும் ஆட்டோவைப் பார்த்துத்தான் காலை வைக்க வேண்டும். ஓட்டுநர் காலால் மிதித்து மணி அடிக்கிறார். முன்னால் நின்ற கை ரிக்‌ஷா ஒதுங்கும் வரை பொறுமையாக டங் டங். ஹாத்திபாகானில் கடைகளின் பலகைகளைப் படித்துக்கொண்டே போகிற வேகம்தான். பிடித்துப்போனதே அந்த வேகத்தில்தான்.

புத்தகக் கடைத்தெருவான காலேஜ் ஸ்ட்ரீட் பதினொரு மணிக்கு மேல்தான் முழுசாகத் திறக்கிறது. ஞாயிறு பெரும்பாலும் அடைப்பு. பிரசிடென்சி பல்கலைக்கழகச் சுவரை ஒட்டிய பெட்டிக்கடைகளில் புத்தகத்தைத் தேடித் துழாவ வேண்டாம். பெயரைச் சொன்னால் போதும், தன்னிடம் இல்லையென்றால் கடைக்காரர் பையனை அனுப்பி எட்டுக் கடை தள்ளி இருப்பதை எடுத்து வரச் செய்கிறார். அந்தப் பையன் திரும்பி வருவதற்குள் வேறு கடைக்கு நகர்ந்துவிடுவது மரியாதையில்லை. பழைய புத்தகம் என்றால் நடுப்பக்கங்களைப் புரட்டிப் பூச்சி அரிப்பு பார்க்க வேண்டும். மழைக்காலத்தில் நனைந்து காய்ந்த பிரதிகளில் தாள் அலை அலையாக இருக்கும்.

எதிரில் ஆல்பர்ட் ஹால் மாடியில் காபி ஹவுஸ், தொழிலாளர் கூட்டுறவு நடத்துவது. இன்ஃப்யூஷன் என்று கேட்டால் பாலில்லாத கறுப்புக் காபி வரும். நம் டிகாஷன் போலத் திடமாக எதிர்பார்க்க வேண்டாம். உட்காரத்தான் அங்கே போவது. காலி நாற்காலி இருந்தால் முன்பின் தெரியாதவர் மேசையிலும் கேட்டு உட்காரலாம். விசிறி வைத்த தலைப்பாகைக்காரர் வருவதற்கு இருபது நிமிஷம் ஆகும். வந்து ஒரு காபி வைத்தபின் இரண்டு மணி நேரம் யாரும் எழுப்ப மாட்டார்கள்.

மதியச் சாப்பாட்டுக்கு, பக்கத்துச் சந்தில் இருக்கும் ஸ்வாதீன் பாரத் இந்து ஹோட்டல். இது பைஸ் ஹோட்டல் வகை. முன்பு காசுக் கணக்கில் சோறு போட்டதால் அந்தப் பெயர். இங்கே சாப்பிடுவதற்கு ஒரு முறை உண்டு. வாழை இலை விரித்து, மண் குவளையில் தண்ணீர் வைக்கிறார்கள். அன்றைக்கு என்னென்ன என்பதைப் பரிமாறுபவர் ஒரே மூச்சில் ஒப்பிக்கிறார். ஒவ்வொன்றுக்கும் தனி விலை. எலுமிச்சைத் துண்டுக்கும் உண்டு. சாப்பிட்டு எழுந்ததும், யார் என்ன வாங்கினார் என்பதை அவர் மனக்கணக்காகவே கல்லாவுக்குச் சொல்லிவிடுகிறார். எங்கள் இருவரின் பதின்மூன்று உருப்படியில் ஒன்றுகூடத் தப்பவில்லை.

எல்லாவற்றையும் சோற்றில் ஒன்றாகப் பிசைந்துவிட்டால் ருசி தெரியாது. கசப்பில் தொடங்க வேண்டும். பாகற்காய், வாழைக்காய், முருங்கை எல்லாம் பால் சேர்த்துச் செய்த சுக்தோ முதல் பிடிச் சோற்றுக்கு. அடுத்து பருப்பும் பொரியலும். பிறகு மீன். குளிர்காலத்தில் ஹில்சா கேட்காதீர்கள், ஐஸில் கிடந்ததாகத்தான் இருக்கும். இது பாப்தா, டேங்க்ரா, பார்ஷேக்கான காலம். சிறு மீனில் கடுகு அரைத்த குழம்பு மூக்கில் ஏறும். கடைசியில் தக்காளிச் சட்னி இனிப்பாக வரும், அது அப்பளத்தோடு.

சைவம் சாப்பிடுபவர்கள் கவனிக்க வேண்டும். பெயரில் மீன் இல்லாவிட்டாலும் பருப்பிலும் முட்டைக்கோஸிலும் மீன்தலை கிடக்கலாம், வாழைப்பூக் கூட்டில் இறால் இருக்கலாம். "வெஜ்" என்று கேட்டால் போதாது. "நிராமிஷ்" என்று கேட்க வேண்டும். கசகசா அரைத்த ஆலு போஸ்தோ பெரும்பாலும் பத்திரம். மூன்று மணிக்கு மேல் போனால் நல்லவை தீர்ந்திருக்கும்.

ஜனவரி 12, ஞாயிறு. டிரெட்டி பஜார், சிம்லா

போத்தார் கோர்ட் கட்டடத்தின் பக்கம் சீனர்களின் காலைச் சந்தை. ஆறரைக்குப் போய்ச் சேர்ந்தோம், எட்டரைக்கெல்லாம் கூடையைக் கவிழ்த்துவிடுகிறார்கள். வீட்டில் செய்து அலுமினியப் பாத்திரத்தில் எடுத்து வரும் பாவ் (ஆவியில் வெந்த சீன பன்), மீன் உருண்டை சூப், அரிசிமாவு வடை. பாவ் கையைச் சுடும் சூட்டில் இருந்தால் வாங்கலாம், ஆறியது ரப்பர். ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கில் இருந்த சமூகம் 1962 போருக்குப் பின் சிதறிவிட்டது. இப்போது கூடை விரித்திருப்பவர்களில் பலர் சீனர் அல்லர். சீனப் பாட்டி ஒருவர், காசை எண்ணாமல் டப்பாவில் போட்டுவிட்டு, சூப்பில் இன்னும் இரண்டு உருண்டை போட்டார்.

அதன்பின் திட்டம் சறுக்கியது. ஜனவரி 12 விவேகானந்தர் பிறந்தநாள் என்பது எங்கள் இருவருக்குமே நினைவில்லை. அவர் பிறந்த வீடு இருக்கும் சிம்லா பகுதியில் பள்ளிக் குழந்தைகளின் ஊர்வலம், பாண்டு வாத்தியம். பஸ் சித்தரஞ்சன் அவென்யூவில் முக்கால் மணி நேரம் அசையவில்லை. கடைசியில் இறங்கி நடந்தோம். கண்டக்டர் பஸ்ஸின் தகரத்தைத் தட்டி "ஆஸ்தே, லேடீஸ்" என்று ஓட்டுநருக்குக் குரல் கொடுப்பதை, நிற்கிற பஸ்ஸிலும் பழக்கத்தில் சொன்னார். ஒரு பெண் இறங்குகிறார், மெதுவாக என்று பொருள்.

நடந்ததால் ஹேதுவா பக்கம் 1844 முதல் இருக்கும் கிரீஷ் சந்திர தே - நகுர் சந்திர நந்தி கடைக்குப் பசியோடு போய்ச் சேர்ந்தோம். உட்கார இடமில்லை, கம்பித் தடுப்புக்கு வெளியே நின்று வாங்க வேண்டும். இங்கே சந்தேஷ் மட்டும்தான். பாலைத் திரித்து எடுத்த சானாவைச் சர்க்கரையோடு அகன்ற வாணலியில் மரத்துடுப்பால் கிளறுவதுதான் அடிப்படை. சீக்கிரம் இறக்கினால் நரம் பாக், மெத்தென்று இருக்கும், அன்றே தின்ன வேண்டும். நீரெல்லாம் வற்றும் வரை கிளறினால் கடா பாக், இரண்டு மூன்று நாள் தாங்கும். ஊருக்கு எடுத்துப் போக கடா பாக் என்று சொல்லிக் கேளுங்கள். ஜல்பரா என்ற வகையை நேராகக் கடிக்காதீர்கள், நடுவில் பாகு இருக்கிறது. சட்டையில் வடியும்.

ஜனவரி 13, திங்கள். மேட்டியாப்ரூஸ், பாபுகாட்

மியூசியங்களுக்கு விடுமுறை. அதனால் தெற்கே மேட்டியாப்ரூஸுக்குப் போனோம். அவத் நவாப் வாஜித் அலி ஷா 1856இல் ராஜ்யம் பறிபோனபின் வந்து தங்கிய இடம். 1887இல் இறக்கும் வரை இங்கேதான் இருந்தார். அவர் சமாதி சிப்தைனாபாத் இமாம்பாராவில். பிரியாணியில் உருளைக்கிழங்கு சேர்ந்தது அவர் சமையலறையில்தான் என்பார்கள். கறிக்குக் காசில்லாமல் சேர்த்தது என்று ஒரு கதை, அப்போது உருளைக்கிழங்கு புதுமைப் பொருள் என்று இன்னொரு கதை. சாப்பிட்டால் இரண்டாவதுதான் சரியென்று படுகிறது. கொழுப்பும் தாழம்பூ வாசமும் கிழங்குக்குள் வரை ஏறியிருந்தது. நம் ஊர்ப் பிரியாணிக் காரம் இதில் இல்லை, தேடவும் வேண்டாம்.

மாலை பாபுகாட். கங்கை கடலில் கலக்கும் கங்காசாகருக்குப் போகும் யாத்திரிகர்களுக்கான முகாம். தை முதல் நாள் நீராட்டுக்கு ராஜஸ்தான், பீகார், உத்தரப் பிரதேசத்திலிருந்து தலையில் மூட்டையோடு வந்தவர்கள். இங்கிருந்து பஸ்ஸில் காக்த்வீப் பக்கம் போய், முரிகங்கா ஆற்றைப் படகில் கடந்து, மறுபடி பஸ்ஸில் 30 கிலோமீட்டர் போக வேண்டும். பிரயாக்ராஜ் மகா கும்பமேளா தொடங்கியதும் அன்றைக்குத்தான். இரண்டுக்கும் போகிறவர்கள் பலர். தொண்டு அமைப்புகள் இலவசமாகக் கிச்சடி போட்டுக்கொண்டிருந்தன. எங்களை வரிசையிலிருந்து விலக்காமல், "தீர்த்தயாத்திரையா?" என்று மட்டும் கேட்டு, இல்லை என்றதும் இன்னொரு கரண்டி போட்டார்கள். ஒலிபெருக்கியில் காணாமல் போனவர்களின் பெயர் நிற்காமல் ஒலித்துக்கொண்டிருந்தது. விறகுப் புகையும் குளிர்காலத் தூசியும் சேர்ந்து இருமல் பிடித்துக்கொண்டது. முகக்கவசம் எடுத்துப் போங்கள்.

திரும்பும்போது ஷேர் ஆட்டோ. கொல்கத்தா ஆட்டோவை வாடகைக்குப் பேச முடியாது. குறித்த தடத்தில்தான் ஓடும். பின்னால் மூன்று பேர், ஓட்டுநர் பக்கத்தில் ஒருவர். நூறு ரூபாய் நோட்டை நீட்டினால் ஏற்ற மாட்டார். நண்பர் கிளம்பும்போது சொன்ன சில்லறை இதற்காகத்தான்.

ஜனவரி 14, செவ்வாய். தைப்பொங்கல், பௌஷ் சங்கராந்தி

லேக் மார்க்கெட்டில் ஒரு பக்கம் நம் வீட்டுப் பெண்கள் கரும்பு வாங்க, மறுபக்கம் வங்காளிகள் பித்தே செய்யத் தேங்காய் வாங்கிக்கொண்டிருந்தார்கள். புலி பித்தே நம் பூரணக் கொழுக்கட்டையேதான். அரிசிமாவைக் கொதிநீரில் கிளறிச் சொப்பு செய்து, தேங்காயும் வெல்லமும் வைத்து மூடி, பாலில் வேகவிட்டால் தூத் புலி. தங்கியிருந்த வீட்டு மாஷிமா கிண்ணம் நிறைய கொண்டுவந்து கொடுத்தார். பதிலுக்கு நண்பர் லேக் மார்க்கெட்டில் வாங்கிய சர்க்கரைப் பொங்கலைக் கொடுத்தார்.

வெல்லம் பற்றிச் சொல்லாமல் முடியாது. நோலன் குர் ஈச்ச மரத்துச் சாறு. கழுத்துப் பகுதியைச் சீவி, மூங்கில் குழாய் செருகி, மாலையில் பானை கட்டி விடியுமுன் இறக்குகிறார்கள். நம் பனையேறிகள் பதநீர் புளிக்காமலிருக்கக் கலயத்தில் சுண்ணாம்பு தடவுவார்கள். இங்கே அந்த வேலையைக் குளிர் செய்கிறது. இரவு குளிர்ந்தால் சாறு தெளிவு, மேகம் போட்டால் புளிப்பு. மரத்துக்குச் சில நாள் ஓய்வு கொடுத்து முதலில் எடுப்பது ஜிரேன், அதுதான் உயர்ந்தது. பச்சைச் சாற்றைக் குடிக்க வேண்டாம். வௌவால் வாய்வைத்த பானையிலிருந்து நிபா வைரஸ் வந்ததுண்டு. காய்ச்சிய வெல்லத்தில் அந்தப் பயமில்லை.

கட்டி வெல்லமான பாட்டாலியை வாங்கும்போது ஓரத்தை விரலால் அழுத்திப் பாருங்கள். நல்லதென்றால் பொலபொலவென்று உதிரும். கல்லாக இருந்தாலோ உள்ளே மினுமினுப்புத் தெரிந்தாலோ சர்க்கரை கலந்தது. கசந்தால் காய்ச்சும்போது அடிப்பிடித்தது. பாகு நிலையில் விற்கும் ஜோலா குர் ஒரு லிட்டர், விளிம்பு வரை நிரப்பி இறுக்கி மூடி வாங்கியதுதான் பயணத்தின் பெரிய தப்பு. ரயில் பெட்டிச் சூட்டில் நுரைத்து, இரவோடு இரவாக மூடியைத் தள்ளிக்கொண்டு வழிந்து, காலேஜ் ஸ்ட்ரீட் புத்தகங்களில் இரண்டை ஒட்டிவிட்டது. இரண்டு விரல் இடம் விட்டு, நிமிர்த்தி வைத்து, தினம் ஒரு தடவை மூடியைத் தளர்த்தி மூட வேண்டும்.

பாட்டாலி பத்திரமாக வந்தது. காணும் பொங்கலன்று சென்னையில் அதைப் போட்டுப் பாயசம் வைத்தோம். பால் கொதிக்கும்போது இந்த வெல்லத்தைப் போட்டால் திரிந்துவிடும். அரிசி வெந்ததும் அடுப்பை அணைத்து, பத்து நிமிஷம் ஆறவிட்டு, உடைத்த வெல்லத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக் கிளற வேண்டும். ஒரு லிட்டர் பாலுக்கு ஒரு கைப்பிடி அரிசி, 200 கிராம் பாட்டாலி. ஏலக்காய் வேண்டாம். இதன் வாசத்தை அது மறைத்துவிடும்.